அலுங்காத ஜீப்பு

செஞ்சி டாக்டர் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, என் மனைவிக்கு முதுகெலும்பில் காசநோய் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது வாசலில் நின்ற ஜீப்பின் மேல்தான். அவரை அதில்தான் ஊருக்கு அழைத்து வந்திருந்தேன். மேல்மலையனூர் ரோட்டிலிருந்து பிரிந்து, பாறைகளுக்கு நடுவே வளைந்து, ஆற்றில் இறங்கி ஏறி வருகிற வழி. வந்து சேர்ந்ததும் மனிதர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"இங்க என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். எலும்பத் திறந்து சீழ எடுக்கணும். கால்ல உணர்ச்சி இருக்கும்போதே போயிடணும். அது போன பின்னால போனா, நடப்பாங்களான்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க" என்றார்.

"இப்பவே இட்டுனு போறேன்" என்று எழுந்தேன்.

"இந்த வண்டிலயா? நல்லா இருக்கிற என் முதுகே போயிடுச்சு. அவங்க மட்டப் பலகையில நேரா படுத்தே போவணும். உக்காரக் கூடாது, குலுங்கக் கூடாது. ஒரு தூக்குத் தூக்கிப் போட்டா நரம்பு நசுங்கிடும். மொதல்ல வண்டிக்கு ஒரு வழி பண்ணு. ஆனா நாளக் கடத்தாத."

குலுக்காமல் போக வேண்டும், சீக்கிரமும் போக வேண்டும். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 

அந்த ஜீப்பு யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் கழிந்து, பல கை மாறி என்னிடம் வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நான் சுற்றுவட்டாரத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிறவன். லாரி போகாத கொல்லைமேட்டுக்கெல்லாம் போய் மூட்டை ஏற்ற வேண்டும் என்று, சக்கரத்துக்கு மேலே பாரத்தைத் தாங்குகிற வில் பட்டைகளோடு லாரிப் பட்டைகளையும் சேர்த்து அடுக்கியிருந்தேன். எத்தனை மூட்டை போட்டாலும் வண்டி தாழாது. அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. பாரம் இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வேறு வழியெல்லாம் பார்த்தாயிற்று. செஞ்சியில் டாக்சிக்குள் ஆள் நீளப் பலகை நுழையவில்லை. லாரி என் ஜீப்பைவிட மோசம். மாட்டுவண்டி பாண்டிச்சேரி போய்ச் சேரும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். செஞ்சி வரைக்குமாவது கட்டிலோடு தூக்கிப் போகலாம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதற்கு, உள்ளேயிருந்து அவளே பதில் சொன்னாள்.

"நாலு பேரு தூக்கினு போறது ஒரு தடவ போதும். அது இப்ப வேணாம்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். வியாபாரத்துக்கு அலைகிற நான் அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பேன். அவள் அப்படியில்லை. சூரியன் இறங்கினால் பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படாது, காய்ச்சல் கொதித்தாலும் அப்படித்தான். மாத்திரை மட்டுமாவது போட்டுக்கொள் என்று கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விடிவதற்கு முன்னால் கிளம்பலாம் என்றால் அதற்கும் ஒப்பவில்லை.

"இருட்டுல சக்கரத்துல எத்தினி ஜீவன் மாட்டும்? தரை தெரியணுங்க. தெரிஞ்சப்புறம் வண்டிய எடுங்க" என்றாள். தன் கால் போய்க்கொண்டிருக்கிறவள் எறும்புக்காகப் பேசுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளிடம் இனிமேல் கத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

காலையில் எழுந்ததும் முதல் வேலை அவள் கால்மாட்டில் உட்காருவது. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஒரு விரலைப் பிடிப்பேன். "கட்டவிரல்" என்பாள். வேறொன்றைப் பிடிப்பேன். "சுண்டுவிரல்." சரியாகச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அன்றைய மூச்சே வரும். உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு ஓடுவேன்.

கோட்டைச் சுவருக்கு வெளியே லாரி ஷெட்டில் ஒரு மேஸ்திரி இருந்தான். என் வண்டியை முரட்டு வண்டியாக்கியவன் அவன்தான். பட்டையைக் கழற்று என்றதும், தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி பார்த்தான்.

"கல்லு மாதிரி நிக்கிற வண்டி மொதலாளி. பட்டைய எடுத்தா தரையோட ஒக்காந்துக்கும்."

"ஒக்காரட்டும். எனக்கு இப்ப கல்லு வேணாம்."

பலகையின் மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக் கோட்டையடிப் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்ச தூரத்திலேயே சொம்பு காலி. லாரிப் பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டினோம். இப்போது பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலே வந்து சேசிஸ் சட்டத்தில் மோதியது. அந்த அடியில் சொம்பே பலகையை விட்டு எகிறி வெளியே விழுந்தது. ஒரு பட்டையை மறுபடி சேர்த்தோம், நீளமானதைப் போட்டோம், குட்டையானதைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி போல்ட்டை முறுக்கியபடி, "நான் அப்பவே சொன்னேன்" என்பான். அவன் அப்போது சொன்னது எதுவும் இதுவாக இருக்காது. அவனை அடித்துவிடாமல் இருந்ததே பெரிய காரியம்.

பட்டை மட்டும் போதாது என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கல்லின் மேல் வண்டி ஏறுகிற வேகமும் குறைய வேண்டும். இருந்த கியரில் எவ்வளவு மெதுவாக விட்டாலும் ஏறும்போது ஒரு இழுப்பு, இறங்கும்போது ஒரு தள்ளல். அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பெட்டிக்குள் ஒரு பல்சக்கர ஜோடி இருக்கிறது. கிரவுன் பினியன் என்பார்கள். அதில் இழுவைக்கு ஏற்றது உண்டு, ஓட்டத்துக்கு ஏற்றது உண்டு. இழுவை ஜோடியைப் போட்டால் வண்டி கல்லின் மேல் நத்தையாக ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கும்.

"ஆனா தார் ரோட்டுல ஏறினா இது ஓடாது மொதலாளி. கத்தினு கெடக்கும், நகராது."

"மாட்டு."

வேறு என்ன சொல்ல முடியும்? ஊருக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிற கல்தான் என் கண்ணுக்குள் நின்றது. தார் ரோடு தார் ரோடுதானே, மெதுவாகப் போனாலும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பஸ் ஏறி மதராஸ் போனேன். புதுப்பேட்டையில் மலை மலையாகக் கொட்டிக் கிடந்த பழைய இரும்புக்குள் நாள் முழுக்கக் கையை விட்டுத் தேடியதில், பின் அச்சுக்கு ஒரு ஜோடிதான் கிடைத்தது. மேஸ்திரி அதை மாட்டினான். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்துப் பார்த்தோம். முன்சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின்சக்கரம் வேறு கணக்கில் சுற்ற, நடுவில் இருந்த கியர் பெட்டி முனக ஆரம்பித்தது. வண்டி விக்கல் எடுத்தது போல் வெட்டி வெட்டி நகர்ந்தது.

"முன்சக்கரத்துக்குப் போற ஷாப்ட்டக் கழட்டிட்டு ரெண்டு சக்கரத்துல போயிடலாம்" என்றான்.

"ஆத்து மணல்ல மாட்டினா உங்கப்பன் வந்து தள்ளுவானா?"

அவன் பீடி பற்ற வைத்துக்கொண்டான். நான் கோட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். முன் அச்சுக்கும் அதே ஜோடி கிடைக்காவிட்டால் இத்தனையும் வீண். இருந்ததையும் கழற்றிப் போட்டாயிற்று, இனி பழைய வண்டிகூட இல்லை.

மறுபடி மதராஸ். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாவது சந்தில், ஒரு குவியலின் அடியில், துரு ஏறி அது கிடந்தது. பல்லை எண்ணிப் பார்த்தேன், நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன விக்கிரகமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அவள் கால்மாட்டுக்குப் போனேன். விரல்களைச் சரியாகச் சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்வதற்குக் கொஞ்சம் யோசித்தாள். முன்பெல்லாம் யோசித்ததில்லை.

பல்சக்கரம் சரியாயிற்று. படுக்கைதான் பாக்கி. எங்கள் மாட்டுக்கொட்டகையில் பழைய வில்வண்டி ஒன்று கிடந்தது. அதன் வில்கள் நீளமாக, மெல்லியதாக இருக்கும். வலது பக்க முன்சீட்டைக் கழற்றிவிட்டு, அவற்றை அந்தப் பக்கத்தில் நீளவாக்கில் வைத்து, அவற்றின் மேல் பலகையைப் பொருத்தினால் குலுக்கல் ஒன்றுக்கு இரண்டு தடவை அடங்குமே என்று எனக்குத் தோன்றியது. அதைவிட நல்ல யோசனை உலகத்தில் எவனுக்கும் வந்திருக்காது என்று நினைத்தேன். வீட்டு வாசலிலேயே வைத்துக் கட்டினோம். நானே பலகையில் ஏறிப் படுத்தேன். மேஸ்திரி ஓட்டினான்.

முதல் கல்லில் பலகை மெத்தென்று இறங்கியது. ஆகா என்று நினைப்பதற்குள் மேலே போனது. மறுபடி இறங்கி, இன்னும் மேலே போனது. வண்டி நின்ற பிறகும் பலகை நிற்கவில்லை. மூன்றாவது எழும்பலில் மேல் கம்பியில் என் மண்டை இடித்து ரத்தம் வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"இன்னாங்க அது?" என்றாள்.

"ஊஞ்சல் கட்டிப் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கும். வலியில் முகம் சுருங்கியும் சிரிப்பை நிறுத்த முடியாமல், "என்னிய சிரிக்க வச்சே கொன்னுடுவீங்க" என்றாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வில் ஆடினால் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். செஞ்சியில் மரத்தில் மோதி நொறுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரின் ஷாக் அப்ஸார்பர்களைக் கேட்டு வாங்கி, பலகையின் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் நிறுத்தினோம். வெறும் வண்டி குதிக்கும், பாரம் இருந்தால் அடங்கும் என்பது மூட்டை ஏற்றுகிறவனுக்குத் தெரியாதா? பின்பக்கம் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றினேன். சொம்பை வைத்து ஆறு வரைக்கும் போய்வந்தோம். விளிம்பில் கொஞ்சம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான். மேஸ்திரி ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவனைக் கட்டிக்கொண்டேன்.

நாளை மறுநாள் கிளம்பலாம் என்று இருந்தோம். மறுநாள் காலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் சுண்டுவிரலைப் பிடித்தேன்.

"கட்டவிரல்" என்றாள்.

கட்டைவிரலைப் பிடித்தேன். அவள் எதுவும் சொல்லவில்லை. நான் பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்கே கிளம்பினோம். அமாவாசை நாள். முதல் நாள் மலைப்பக்கம் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவளைப் பலகையில் கட்டி, கால் முன்பக்கம் என் சீட்டுக்குப் பக்கத்தில் வரும்படி ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வடிவதற்காக நின்றோம். வெயில் உச்சிக்கு ஏறுகிற வரை நின்றோம். நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் தண்ணீரில் காலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நின்று ஆற்றைத் திட்டினேன். மேஸ்திரி மூட்டை மேல் உட்கார்ந்து பலகையைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றான். கடைசியில் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து இறங்கினேன்.

உருளைக்கல் நிறைந்த ஆறு அது. சக்கரம் ஒவ்வொரு கல்லாகத் தடவி ஏறியது, தடவி இறங்கியது. அவள் முனகுவாள், கத்துவாள் என்று காதை அங்கேயே வைத்திருந்தேன். சத்தமே இல்லை. நடு ஆற்றில் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன்.

"குலுங்குதா?"

"குலுங்கவே இல்லீங்க" என்றாள். "தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குது."

 "கேட்டியாடா?" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினேன். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அக்கரை ஏறி, பாறை வழியில் போகும்போதும் கேட்டேன். இல்லை என்றாள். வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க எனக்கு ஆசை அடங்கவில்லை.

மேல்மலையனூர் ரோட்டில் ஏறியதும் அம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் எதிரே வந்தது. ஸ்பெஷல் பஸ்கள், மாட்டுவண்டிகள், மஞ்சள் துணி கட்டி நடக்கிறவர்கள், ரோடு நிறைய ஜனம். அத்தனை பேரும் மேற்கே வர, நான் மட்டும் செஞ்சியைப் பார்த்துக் கிழக்கே போகிறேன். ஹாரன் அடித்துப் பிரயோஜனம் இல்லை. வழி விடுங்க, சீக்காளி இருக்காங்க என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினான். ஊர்ந்து ஊர்ந்து போனோம். தாழ்ந்த கியரிலேயே அவ்வளவு நேரம் ஓடியதில் கியர் பெட்டியை மூடியிருக்கிற தகடு கொதித்தது. பக்கத்தில் இருந்த என் வலது கெண்டைக்கால் பட்டபோது சுரீர் என்றது.

"உனக்கு சூடு அடிக்குதா?"

"இல்லீங்க. காத்து நல்லா வருது."

செஞ்சி தாண்டித் திண்டிவனம் ரோடு பிடித்தோம். மேஸ்திரி சொன்னது சரிதான். தார் ரோட்டில் எஞ்சின் கத்தியது, வண்டி சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. திண்டிவனத்துக்கு வரும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. பாண்டிச்சேரி ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், பொழுது இறங்குவதற்குள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொள்ள, மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை வாயில் விட்டேன். குடித்தாள். போர்வை நழுவியிருந்தது. இழுத்துவிடலாம் என்று கால் பக்கம் வந்தேன். கருகிய வாடை அடித்தது. வண்டியில்தான் ஏதோ கருகுகிறது என்று குனிந்தேன். கூட்டத்தில் ஊர்ந்தபோதோ எப்போதோ அவள் இடது பாதம் பலகையிலிருந்து சரிந்து, கியர் பெட்டித் தகட்டின் மேல் கிடந்தது. எடுத்தேன். குதிகால் தோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது.

அவள் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டு, "இன்னாங்க பாக்கறீங்க?" என்றாள்.

நான் குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எப்ப போச்சு?" என்று கேட்டேன்.

 "ஆத்தங்கரையில நின்னுனு இருந்தமே, அப்பவே இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"தண்ணி வடியணுமே, சொல்லி இன்னா ஆவும்? பாவம், நீங்க எத்தினி நாளா இதும் மேலயே விழுந்து கெடந்தீங்க. குலுங்கலன்னு ஒரு வார்த்த நான் சொல்ல வேணாமா?"

ஆஸ்பத்திரியில் அவள் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். கால் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த மரத்தடியில் நிற்கும்போது எனக்கு அது தெரியாது. போனது இன்றைக்குத்தானே, இன்னும் கொஞ்ச நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிடித்துவிடலாம் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. என் துண்டைக் குதிகாலில் சுற்றிவிட்டு ஓடிப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

இனிமேல் பள்ளமாவது மேடாவது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தேன். எஞ்சின் அலறியது. நான் தேடித் தேடி வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்த பல்சக்கரம் அதற்கு மேல் ஒரு அடி கூட வேகம் கொடுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போனது, அதன் பின்னால் வந்த லாரியும் போனது. நான் மிதித்த காலை எடுக்காமல், "போ, போ" என்று அழுதுகொண்டே ஓட்டினேன். அவள் பின்னாலிருந்து, "மெல்லப் போங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.